பேர்ல் ஹார்பர் பார்க்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹவாய்க்கு டிக்கெட் போட்டவுடன் நண்பர்களும் சொந்தக்காரர்களும் என்னிடம் கேட்பது கடற்கரையைப் பற்றி அல்ல, பேர்ல் ஹார்பரைப் பற்றித்தான். நான் அங்கே இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை மூன்று மணி நேரத்தில் ஓட்டமும் நடையுமாகப் பார்த்தேன். அதைப் பார்த்த கணக்கில் சேர்ப்பதில்லை. இரண்டாம் முறை அப்பா, அம்மாவோடு ஒரு நாள் முழுக்க இருந்தேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

இது அருங்காட்சியகமா, கடற்படைத் தளமா?

இரண்டும்தான், குழப்பமே அங்கேதான். ஓஹூ தீவில் ஹொனலூலுவுக்குப் பக்கத்தில் உள்ள, 1941-இல் ஜப்பானிய விமானங்கள் தாக்கிய இந்தத் துறைமுகம் இன்றும் அமெரிக்கக் கடற்படையின் தளம். 2010-இல் கடற்படைத் தளத்தையும் பக்கத்திலிருந்த ஹிக்கம் விமானப்படைத் தளத்தையும் ஒன்றாக்கிவிட்டார்கள். வேலையில் இருக்கும் போர்க்கப்பல்களும் நீர்மூழ்கிகளும் அங்கேயே நிற்கின்றன.

நாம் பார்க்க வேண்டியவை நான்கு. ஒன்று, மூழ்கிக் கிடக்கும் அரிசோனா கப்பலின் மேல் கட்டிய நினைவிடம். இரண்டு, போஃபின் என்ற நீர்மூழ்கி. மூன்று, மிசௌரி என்ற போர்க்கப்பல். நான்கு, விமான அருங்காட்சியகம். பார்வையாளர் மையமும் போஃபினும் கரையில், தளத்தின் வாசலுக்கு வெளியே இருக்கின்றன. அரிசோனாவுக்குப் படகில் போக வேண்டும். மிசௌரியும் விமான அருங்காட்சியகமும் துறைமுகத்தின் நடுவில் உள்ள ஃபோர்ட் தீவில் இருக்கின்றன. அந்தத் தீவு முழுக்கவே ராணுவ இடம்.

ஃபோர்ட் தீவுக்குக் காரில் போகலாமா?

ராணுவ அடையாள அட்டை இல்லாதவர்கள் போக முடியாது. 1998-இல் திறந்த பாலம் ஒன்று தீவைக் கரையோடு இணைக்கிறது, ஆனால் நம் காருக்கு அதில் வழி இல்லை. பார்வையாளர் மையத்தின் பக்கத்திலிருந்து ஷட்டில் பஸ் அடிக்கடி கிளம்பும், அதில்தான் ஏற வேண்டும். பஸ் நிற்கும் இடங்களைத் தவிர வேறெங்கும் இறங்கி உலாத்த முடியாது. தீவில் ஆட்கள் குடியிருக்கும் வீடுகளும், மரங்களும், துணி காயும் கொல்லைகளும் ஜன்னல் வழியே கடந்து போகும். "இது நிஜமாவே ஜனங்க இருக்கிற ஊரா?" என்று அம்மா கேட்டார். ஆமாம், கடற்படைக் குடும்பங்கள் இருக்கிற ஊர்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குத் தனி அனுமதி வேண்டுமா?

வேண்டாம். வெளிநாட்டவருக்கென்று விண்ணப்பமோ முன் அனுமதியோ கிடையாது. ஏதாவது ஓர் அடையாள அட்டை சட்டைப் பையில் இருந்தால் போதும்.

பையை ஏன் விடமாட்டார்கள்?

ரொம்பப் பேர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். எதையும் மறைத்து வைக்கக்கூடிய பை எதுவும் கூடாது. கைப்பை, முதுகுப்பை, குழந்தையின் டயப்பர் பை, கேமரா பை எல்லாம் இதில் அடங்கும். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற சின்னக் கண்ணாடிப் பிளாஸ்டிக் பை என்றால் பரவாயில்லை. பர்ஸ், போன், சின்னக் கேமரா, தண்ணீர் பாட்டில் கையில் வைத்துக்கொள்ளலாம். மற்றவற்றை வாசலுக்குப் பக்கத்தில் காசு கட்டி வைக்க இடம் இருக்கிறது. காரிலேயே வைக்கலாம் என்று நினைத்தால் அது உங்கள் துணிச்சல். சுற்றுலா இடத்து வாகன நிறுத்தத்தில் பை விட்டுப் போவதை நான் செய்யமாட்டேன்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். "பை கூடாது" என்று நான் நான்கு தடவை சொல்லியும் அம்மா கைப்பையோடுதான் கிளம்பினார். வாசலில் நின்று அதைக் காலி செய்தபோது பி.பி. மாத்திரை, கண்ணாடிக்கூடு, திருநீற்றுப் பொட்டலம், இரண்டு முறுக்கு, விமானத்தில் கொடுத்த ஈரத் துடைப்பான், எங்கள் மூவரின் பாஸ்போர்ட் எல்லாம் வந்தன. மாத்திரையும் பாஸ்போர்ட்டும் என் பேன்ட் பைக்குள் போயின. முறுக்கு எங்கள் வயிற்றுக்குள் போனது. பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் முந்தின இரவே இந்தக் காலி செய்யும் வேலையை முடித்துவிடுங்கள். பாக்கெட் நிறைய உள்ள உடுப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

அரிசோனா நினைவிடத்துக்குக் கட்டணம் உண்டா? முன்பதிவு எப்படி?

நினைவிடம் இலவசம். படகில் இடம் பிடிக்க அமெரிக்க அரசின் முன்பதிவு இணையதளத்தில் (recreation.gov) ஆளுக்கு ஒரு டாலர் பதிவுக் கட்டணம். இடங்கள் எட்டு வாரங்களுக்கு முன்பே ஒரு பகுதியும், முந்தின நாள் மீதிப் பகுதியும் திறக்கும். இரண்டுமே ஹவாய் நேரம் பிற்பகல் 3 மணிக்கு. இந்தியாவிலிருந்து பதிகிறவர்களுக்கு அது மறுநாள் காலை 6.30. ஹவாயில் கோடை நேரம், குளிர் நேரம் என்று கடிகாரத்தை மாற்றுவதில்லை, அதனால் இந்தக் கணக்கு வருடம் முழுக்க ஒன்றுதான். காபியைப் போட்டுவிட்டு உட்காரலாம் என்று நினைக்காதீர்கள். நல்ல நேரங்களெல்லாம் காபி ஆறுவதற்குள் போய்விடும்.

ஏஜெண்டுகள் இதே டிக்கெட்டைப் பெரிய தொகைக்கு "டூர்" என்று விற்பார்கள். அதில் நீங்கள் காசு கொடுப்பது பஸ்ஸுக்கும் வழிகாட்டிக்கும்தான். மற்ற மூன்று இடங்களுக்கும் தனித்தனிக் கட்டணம் உண்டு, மூன்றையும் சேர்த்து ஒரே சீட்டாகவும் வாங்கலாம். கார் நிறுத்தவும் கட்டணம்.

சரி, அன்றைக்கு நடந்தது என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1941 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. ஜப்பானின் ஆறு விமானம் தாங்கிக் கப்பல்களிலிருந்து 350-க்கும் மேற்பட்ட விமானங்கள் இரண்டு அலைகளாக வந்தன. காலை எட்டு மணிக்குச் சற்று முன் முதல் குண்டு விழுந்தது. இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. அமெரிக்கத் தரப்பில் 2,403 பேர் இறந்தார்கள், அதில் 68 பேர் பொதுமக்கள். நகரத்தில் இறந்த பொதுமக்களில் பலரைக் கொன்றவை, ஜப்பானிய விமானங்களைக் குறிவைத்து அமெரிக்கர்களே சுட்டு, வானில் வெடிக்காமல் திரும்பி விழுந்த குண்டுகள். இறந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதி, அதாவது 1,177 பேர், அரிசோனா என்ற ஒரே கப்பலில் இருந்தவர்கள்.

இவ்வளவு பெரிய தளம், எப்படிக் கோட்டைவிட்டார்கள்?

பார்வையாளர் மையத்தில் இரண்டு கூடங்கள் இருக்கின்றன. ஒன்று போருக்கு வந்த வழியைச் சொல்கிறது, மற்றது தாக்குதலைச் சொல்கிறது. படகுக்கு ஒரு மணி நேரம் முன்பே போய் இவற்றைப் பார்த்துவிடுங்கள். இந்தக் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது, அதுவும் ஒன்றல்ல.

காலை ஏழுக்கு முன்பே, துறைமுக வாயிலில் ஒரு ஜப்பானியக் குட்டி நீர்மூழ்கியை வார்ட் என்ற கப்பல் சுட்டு மூழ்கடித்தது. செய்தி மேலே போய்ச் சேர்ந்து, யாரோ உறுதி செய்து, யாரோ யோசித்துக்கொண்டிருந்தபோதே விமானங்கள் வந்துவிட்டன. (அந்தக் குட்டி நீர்மூழ்கி கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டது 2002-இல்தான்.) தீவின் வடக்கு முனையில் ஓபானா என்ற இடத்தில் ரேடார் வைத்திருந்த இரண்டு சிப்பாய்கள், ஏழு மணி சுமாருக்குத் திரையில் பெரிய கூட்டம் ஒன்று வருவதைப் பார்த்துத் தகவல் சொன்னார்கள். அன்று காலை கலிபோர்னியாவிலிருந்து அமெரிக்க விமானங்கள் சில வரவேண்டியிருந்தன. அவைதான் என்று நினைத்த அதிகாரி, கவலைப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது வேறொன்று, டார்பிடோ, அதாவது தண்ணீருக்கடியில் தானே ஓடிப்போய்க் கப்பலில் மோதி வெடிக்கும் குண்டு. விமானத்திலிருந்து போடும் டார்பிடோ முதலில் ஆழத்துக்குப் பாய்ந்து, பிறகு மேலே வந்து ஓடும். இந்தத் துறைமுகத்தின் ஆழம் சுமார் 40 அடி. இந்த ஆழத்தில் போட்டால் சேற்றில் குத்திக்கொள்ளும் என்று அமெரிக்கர்கள் நம்பினார்கள், கப்பல்களைச் சுற்றித் தடுப்பு வலையும் போடவில்லை. ஜப்பானியர்கள் செய்தது மரத்தால் ஆன ஒரு வால்துடுப்பு. அதை டார்பிடோவின் பின்னால் மாட்டினார்கள். தண்ணீரில் விழும்போது அந்த மரம் உடைந்து கழன்றுவிடும், டார்பிடோ ஆழம் போகாமல் நேராக ஓடும். ஒரு தச்சன் செய்யக்கூடிய வேலைதான்.

அரிசோனாவில் உண்மையில் பார்க்க என்ன இருக்கிறது? "வெறும் வெள்ளைக் கட்டடம்" என்கிறார்களே?

படகை ஓட்டுவது கடற்படைக்காரர்கள். கரையேறியதும் 184 அடி நீள வெள்ளைக் கட்டடம் ஒன்று. இரண்டு முனையும் உயர்ந்து நடுவில் தொய்ந்திருக்கும். 1962-இல் திறந்தார்கள். வடிவமைத்த ஆல்ஃப்ரெட் பிரைஸ் ஆஸ்திரியாவில் பிறந்தவர். தாக்குதலுக்குப் பிறகு எதிரி நாட்டவர் என்று சந்தேகித்து அமெரிக்க அரசு அவரையே சில மாதம் முகாமில் அடைத்து வைத்திருந்தது. நிதி போதாமல் திணறிய நேரத்தில், 1961 மார்ச்சில் எல்விஸ் பிரெஸ்லி இங்கே கச்சேரி செய்து ஐம்பதாயிரம் டாலருக்கு மேல் சேர்த்துக் கொடுத்தார்.

கட்டடம் கப்பலைத் தொடவில்லை, குறுக்கே பாலம் போல நிற்கிறது. 608 அடிக் கப்பல் அதன் அடியில் கிடக்கிறது. பீரங்கி மேடை ஒன்றின் துருப்பிடித்த வளையம் மட்டும் தண்ணீருக்கு மேலே தலைகாட்டும். முன்பக்க வெடிமருந்து அறையில் இறங்கிய குண்டு, போர்க்கப்பல் பீரங்கிக்கான ஷெல்லாக இருந்து விமானத்துக்கு ஏற்றபடி மாற்றப்பட்டது. ஒரே வெடி, கப்பலின் முன்பாதி உடைந்தது. 900-க்கும் மேற்பட்டவர்களின் உடல்கள் இன்றும் உள்ளேதான் இருக்கின்றன.

கடைசி அறைக்குப் போங்கள். பளிங்குச் சுவர் முழுக்கப் பெயர்கள், அகர வரிசையில். மேலிருந்து படிக்க ஆரம்பித்தால் சில இடங்களில் ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்த வரியில் வரும். சில தற்செயல், பல அப்படி இல்லை. முப்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த அண்ணன் தம்பிகள் இந்தக் கப்பலில் ஒன்றாக வேலை பார்த்தார்கள். ஓர் அப்பாவும் மகனும்கூட இருந்தார்கள், இருவரும் போய்விட்டார்கள். கப்பலின் பேண்டு வாத்தியக் குழுவில் 21 பேர், அத்தனை பேரும் இறந்தார்கள். சுவருக்கு முன்னால் உள்ள சின்ன மேடையில் வேறு பெயர்கள் இருக்கும். அவர்கள் அன்று பிழைத்து, வயதாகி இறந்து, "என்னையும் அவர்களோடு வையுங்கள்" என்று கேட்டுக்கொண்டவர்கள். முக்குளிப்பவர்கள் அஸ்தியை எடுத்துப் போய்க் கப்பலுக்குள் வைத்தார்கள். அப்படிக் கடைசியாக வைத்தது 2019-இல். உயிரோடிருந்த கடைசி அரிசோனா வீரர் 2024 ஏப்ரலில் காலமானார்.

தண்ணீரில் எண்ணெய் மிதக்கும் என்பது உண்மையா?

உண்மை. கப்பலின் தொட்டிகளில் மீதமிருக்கும் எண்ணெய் எண்பது வருடத்துக்கு மேலாகத் துளித்துளியாகக் கசிகிறது. அப்பா கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி, அதை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். கறுப்புப் பொட்டு ஒன்று அடியிலிருந்து எழும்பி வரும். மேலே வந்ததும் சட்டென்று விரிந்து, மழை நாளில் ஸ்கூட்டர் நின்ற இடம்போல ஏழு நிறத்தில் படரும். அது கலைவதற்குள் அடுத்தது வரும். மண்ணெண்ணெய் வாடை போல லேசாக ஒரு வாடையும் உண்டு. உறிஞ்சி எடுத்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளே இருப்பது கல்லறை, துருப்பிடித்த இரும்பில் கைவைத்தால் மொத்தமும் உடைந்து வெளியே வரலாம் என்ற பயமும் இருக்கிறது. அதனால் கண்காணிப்பதோடு விட்டிருக்கிறார்கள்.

இங்கே உரக்கப் பேசக் கூடாது, போனில் பேசக் கூடாது. நீச்சல் உடையில் வரக் கூடாது. படம் எடுக்கலாம். பெயர்ச் சுவருக்கு முன்னால் செல்ஃபிக்குச் சிரித்துக்கொண்டு நிற்பவர்களை நானும் பார்த்தேன். சட்டம் தடுக்கவில்லை, அவ்வளவுதான் சொல்வேன்.

எந்த வரிசையில் பார்ப்பது நல்லது?

இதில் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. முதலில் அரிசோனா, கடைசியில் மிசௌரி. போர் அமெரிக்காவுக்குத் தொடங்கியது ஒன்றில், முடிந்தது மற்றொன்றில். இரண்டும் ஒரே நீரில், கண்ணுக்கெட்டும் தூரத்தில் நிற்கின்றன. மிசௌரியை 1999-இல் இங்கே அருங்காட்சியகமாகத் திறந்தபோது, அதன் முகப்பு அரிசோனாவைப் பார்த்தபடி நிறுத்தினார்கள். முதல் முறை நான் மிசௌரிக்குப் போகாமலே திரும்பினேன், பாதிக் கதையோடு.

மிசௌரியில் எதைத் தவறவிடக் கூடாது?

கூட்டமெல்லாம் ஓரிடத்தில்தான் நிற்கும். 1945 செப்டம்பர் 2 அன்று டோக்கியோ விரிகுடாவில் ஜப்பான் சரணடைந்து கையெழுத்திட்ட தளம் அது. தரையில் வட்டப் பலகை பதித்திருக்கிறார்கள். முழுச் சடங்கும் 23 நிமிடம். அங்கே வைத்திருக்கும் ஆவணப் பிரதியை உற்றுப் பாருங்கள். கனடாவின் பிரதிநிதி ஜப்பானியர்களுக்கான பிரதியில் ஒரு வரி தள்ளிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவருக்குப் பின் வந்தவர்கள் எல்லோரும் ஒரு வரி கீழே இறங்க வேண்டியதாயிற்று. பிறகு அச்சடித்த நாட்டுப் பெயர்களைப் பேனாவால் அடித்துத் திருத்தினார்கள். "இதே நம்ம சப்-ரிஜிஸ்டிரார் ஆபீஸா இருந்தா புதுசா பத்திரம் வாங்கிட்டு வரச் சொல்லியிருப்பாங்க" என்றார் அப்பா.

அங்கிருந்து கொஞ்சம் பின்னால் நடந்து, கப்பலின் வலது பக்க விளிம்பைக் குனிந்து பாருங்கள். இரும்பில் ஒரு நசுங்கல் இருக்கும். 1945 ஏப்ரல் 11-இல் ஒக்கினாவா அருகே காமிகாசி என்ற தற்கொலைத் தாக்குதல் விமானம் ஒன்று வந்து மோதிய இடம் அது. விமானியின் உடல் தளத்தில் கிடந்தது. கப்பல் தலைவர் வில்லியம் கலஹன், செத்த எதிரி எதிரி அல்ல என்ற மாதிரி, ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்ய உத்தரவிட்டார். தன் கப்பலைக் கொளுத்த வந்தவனுக்கு மரியாதையா என்று மாலுமிகளில் பலர் முணுமுணுத்தார்கள். ஆனாலும் இரவோடு இரவாக ஜப்பானியக் கொடி ஒன்றைத் தைத்து, மறுநாள் உடலில் போர்த்தி, துப்பாக்கி முழங்கக் கடலில் இறக்கினார்கள். சரணடைந்த தளத்தைவிட எனக்கு அந்த நசுங்கல்தான் பெரிதாகப்பட்டது.

ஒன்பது பீரங்கிகள், ஒவ்வொன்றும் 16 அங்குல வாய், எறியும் குண்டு சுமார் 1,200 கிலோ வரை. படம் எடுக்க அவை போதும். உள்ளே ஏணி போன்ற செங்குத்துப் படிகள். மூட்டுவலிக்காரர்கள் மேல்தளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

போஃபின் நீர்மூழ்கிக்குள் போகலாமா?

நான்கு வயதுக்குக் கீழ் குழந்தைகளை உள்ளே விடுவதில்லை. மற்றவர்கள் வட்டக் கதவுகளுக்குள் குனிந்து, கால் தூக்கி, தலை இடிக்காமல் போக வேண்டும். பருமனானவர்கள், மூச்சு முட்டும் என்று பயப்படுகிறவர்கள் வெளியே இருக்கலாம்.

தாக்குதல் நடந்து சரியாக ஒரு வருடம் கழித்து நீரில் இறக்கியதால் "பேர்ல் ஹார்பரின் பழிவாங்கி" என்று இதற்குப் பட்டப்பெயர். அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு நிற்காதீர்கள். 1944 ஆகஸ்ட் 22 இரவு போஃபின் மூழ்கடித்த சுஷிமா மாரு என்ற கப்பலில் ஒக்கினாவாவிலிருந்து வெளியேற்றப்பட்ட மக்கள் இருந்தார்கள். இறந்தவர்கள் ஏறக்குறைய 1,500 பேர், பாதிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகள். கப்பலில் பிள்ளைகள் இருப்பது நீர்மூழ்கிக்காரர்களுக்குத் தெரியாது.

விமான அருங்காட்சியகம் அவசியமா?

நேரம் இருந்தால் போங்கள். ஜப்பானிய சீரோ விமானம் ஒன்று இருக்கிறது. ஆனால் நான் சொல்வது 79-ஆம் கொட்டகையின் கதவுகளுக்காக. நீலக் கண்ணாடிகளில் அன்றைய துப்பாக்கிக் குண்டு துளைத்த ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன. வெளிச்சம் உள்ளே வருகிற பக்கம் நின்று பாருங்கள்.

இதற்கும் நம் பக்கத்துக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, நெருக்கமாகவே. ஹவாயில் டிசம்பர் 7 காலை, மலாயாவில் டிசம்பர் 8 பின்னிரவு. பேர்ல் ஹார்பரில் குண்டு விழுவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பே ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கத் தொடங்கிவிட்டது. மலாயாத் தோட்டங்களில் இருந்த தமிழர்களுக்கும், பிறகு சயாம் ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்களுக்கும் போர் தொடங்கியது அந்த இரவில்தான்.

இன்னொன்று. பேர்ல் ஹார்பரைத் தாக்கிய ஆறு விமானம் தாங்கிகளில் ஐந்து, அந்தத் தாக்குதலை நடத்திய அதே தளபதி நகுமோவின் தலைமையில் நான்கே மாதத்தில் இந்தியப் பெருங்கடலுக்கு வந்தன. 1942 ஏப்ரல் 5 கொழும்பு, ஏப்ரல் 9 திருகோணமலை. ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானம் தாங்கி மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது அன்றுதான். நடுவில் ஏப்ரல் 6 அன்று வேறொரு ஜப்பானியப் படைப்பிரிவு விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டது. அடுத்தது சென்னை என்ற பயத்தில் பட்டணமே பாதி காலியானது. உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டிகள் சொல்லும் "எவாக்குவேஷன்" இதுதான். பார்வையாளர் மையத்து வரைபடத்தில் அந்தக் கப்பல்களின் பெயர்களைப் படித்தபோது, எனக்கு அதுவரை அமெரிக்கக் கதையாக இருந்தது கொஞ்சம் இடம் பெயர்ந்தது.

அப்புறம், பேர்ல் ஹார்பர் என்றால் முத்துத் துறைமுகம். ஹவாய்க்காரர்களின் பழைய பெயர் வாய் மோமி, முத்து நீர். முத்துக்குளித்துறைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்? சாப்பாடு?

நான்கையும் பார்க்க, காலை ஏழு மணி முதல் மாலை வரை. அரை நாள்தான் இருக்கிறது என்றால் அரிசோனாவும் மிசௌரியும். உள்ளே கிடைப்பது பெரும்பாலும் இறைச்சிச் சாப்பாடு. சைவர்கள் காலையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வெயிலுக்குத் தொப்பி வேண்டும்.

டிக்கெட் கிடைக்கவே இல்லை, அல்லது படகு ரத்தானால்?

காலையிலேயே போய்க் காத்திருப்போர் வரிசையில் நில்லுங்கள். வராதவர்களின் இடம் கிடைக்கும், குடும்பமாக நிற்பவர்களைவிட ஒருவர் இருவராக நிற்பவர்களுக்குச் சுலபம். காற்று பலமாக அடித்தால் கடற்படை படகை நிறுத்திவிடும். சண்டை போட்டுப் பயனில்லை. அப்படி ஆனால் ஷட்டில் ஏறி மிசௌரிக்குப் போய், முன்தளத்தின் நுனிவரை நடந்துவிடுங்கள். அந்த வெள்ளைக் கட்டடம் நேர் எதிரே தெரியும்.